60 அடியிலிருந்து 90 அடிக்கு

பதின்மூன்று வயதில் பேஸ்பால் பிள்ளைகளுக்கு மைதானம் ஒரே சீசனில் வளர்ந்துவிடுகிறது. பிள்ளைகள் அந்த வேகத்தில் வளர்வதில்லை. லிட்டில் லீகில் ஒரு பேஸிலிருந்து அடுத்ததற்கு 60 அடி, பெரிய மைதானத்தில் 90. பிட்சர் எறியும் தூரம் 46 அடியிலிருந்து 60 அடி 6 அங்குலமாகிறது. அமெரிக்காவில் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்துவரும் எனக்கு, சீசன் தொடங்கினாலே முழங்கைக் கவலைதான்.

தூரம் கூடியதும் எல்லாரும் கையைத்தான் நம்புகிறார்கள். கேட்சரைப் பாருங்கள். இரண்டாம் பேஸுக்கு 85 அடி எறிந்து பழகியவன் இப்போது 127 அடி எறிய வேண்டும். தம் பிடித்து வானத்தைப் பார்த்து வீசுவான். பந்து இறங்கி வருவதற்குள் ஓடியவன் சறுக்கி எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டிருப்பான். தாழ்வாக எறி, பேஸுக்கு முன்னால் ஒரு குத்து குத்தி வரட்டும் என்பேன். பந்து கையுறையில் விழும்போதே கால் திரும்பத் தொடங்கிவிட வேண்டும். பாதி தூரத்தைக் கால் பார்த்துக்கொள்ளும். ஷார்ட்ஸ்டாப்புக்கும் அதேதான்: பந்தைப் பொறுக்கியதும் முதல் பேஸ் பக்கம் இரண்டு எட்டு வைத்து எறிய வேண்டும். நின்ற இடத்திலிருந்து எறிந்தால் தோள்தான் வலிக்கும்.

பிட்சர் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். மவுண்ட் 6 அங்குலத்திலிருந்து 10 ஆகிவிடுவதால், முன்கால் எதிர்பார்த்த இடத்தில் தரையைத் தொடாது. பந்து பிளேட்டுக்கு முன்னாலேயே விழும். உடனே பையன் இன்னும் முறுக்கி எறிவான். முழங்கையின் உட்புறத்தில் எலும்பு வளரும் குருத்தெலும்புப் பகுதி இன்னும் கெட்டிப்படாத வயது இது. லிட்டில் லீக் விதி இந்த வயதில் ஒரு நாளைக்கு 95 பந்து வரை அனுமதிக்கிறது. நான் முதல் சில வாரங்களுக்கு அறுபதிலேயே நிறுத்திவிடுவேன். "கோச், இன்னும் முப்பத்தஞ்சு பாக்கி இருக்கே" என்று ஒரு தமிழ் அப்பா வேலிக்கு வெளியிலிருந்து கணக்குச் சொன்னார். கணக்கு சரிதான், பையனை இறக்கிவிட்டேன்.

பேட்டர்களுக்குப் பெரிய சிரமமில்லை. பந்து வந்துசேரக் கூடுதல் நேரம் கிடைப்பதால் முதலில் அவசரப்பட்டுச் சுழற்றுவார்கள், பிறகு பழகிவிடும்.

பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம் பேஸை விட்டு முன்கூட்டியே நகரலாம் என்பதுதான். சின்ன மைதானத்தில் பந்து பேட்டரை எட்டும்வரை காலெடுக்கக் கூடாது. முதல் பேஸில் நிற்பவன் வலக்கை பிட்சரின் தோளையே பார்ப்பான். நான் குதிகாலைப் பார்க்கச் சொல்வேன். வலது குதிகால் முதலில் எழும்பினால் பந்து உன் பக்கம் வருகிறது, பாய்ந்து திரும்பு. இடது எழும்பினால் பிளேட்டுக்குப் போகிறது, ஓடு.