தலைவருக்கும் ஒரு பயிற்சியாளர்

பதவி உயர உயர, குறையை முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைந்துபோகிறார்கள். பெரிய நிறுவனங்கள் தம் தலைமை நிர்வாகிகளுக்குப் பயிற்சியாளரை அமர்த்துவதற்கு இது முக்கியக் காரணம்.

எரிக் ஷ்மிட் 2001இல் கூகுளின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். இத்தனை அனுபவம் உள்ள தமக்குப் பயிற்சியாளர் எதற்கு என்று முதலில் தயங்கினார். பிறகு பில் கேம்பலை ஏற்றுக்கொண்டார். கேம்பல் கணினிப் பொறியாளர் அல்லர். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணிக்குப் பயிற்சி தந்தவர். பின்னர் இன்ட்யூட் நிறுவனத்தை நடத்தியவர்.

அவர் ஷ்மிட்டிடம் தனியே பேசுவதோடு நிற்கவில்லை. வாராந்தர நிர்வாகக் கூட்டத்திலும் அமர்ந்து, யாருக்குள் மனக்கசப்பு இருக்கிறது என்று கவனித்தார், சம்பந்தப்பட்டவர்களிடம் பேசினார். சிக்கல் ஒன்று வந்தால், முதலில் அதைக் கையாளும் குழு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பார். முடிவெடுப்பதைத் தலைவரிடமே விட்டுவிடுவார்.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று: பயிற்சியாளர் ஒளிக்காமல் பேச வேண்டும், கேட்டதை வெளியே விடக்கூடாது, தலைவர் கோபப்படாமல் செவிகொடுக்க வேண்டும். மூன்றாவது இல்லையென்றால் முதல் இரண்டும் வீண்.

கடையோ, பள்ளியோ, சங்கமோ நடத்தும் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: நம் தவற்றை நம்மிடம் சொல்லும் உரிமையை யாருக்குக் கொடுத்திருக்கிறோம்?