பரிசலை நிறுத்தக் கற்பவருக்கு

பரிசல் தொழிலில் புதிதாகக் கால் வைக்கும் இளைஞருக்கு,

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்துக்கு வடக்கே, காவிரிக் கரையை ஒட்டிய பகுதி இன்றும் ஓடத்துறை என்றே வழங்குகிறது. வழிப்போக்கர் தங்கும் சத்திரமும் ஓடம் ஏறும் துறையும் பக்கத்துப் பக்கத்துப் பெயர்களாக எஞ்சியிருப்பது, கடப்பதும் தங்குவதும் ஒரே பயணத்தின் பகுதிகளாக இருந்த காலத்தை நினைவூட்டுகிறது. பரிசல் தொழிலிலும் அப்படியே, கடக்கத் தெரிவதோடு நிறுத்தவும் தெரிய வேண்டும்.

மூங்கில் பிளாச்சுகளைக் கூடைபோல் முடைந்து, முற்காலத்தில் தோலும் இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் போர்த்திய பரிசலுக்கு முன்புறம், பின்புறம் என்று எதுவும் இல்லாததால், ஓட்டுபவர் துடுப்பை நேர் முன்னே இட்டு நீரைத் தம் பக்கம் இழுக்க வேண்டும். பக்கவாட்டில் வலித்தால் அது நின்ற இடத்திலேயே சுற்றும். இதற்குக் கை விரைவில் பழகிவிடும். கலத்தை எங்கே நிறுத்துவது என்பதற்கோ கண் பழக வேண்டும். அதுவே அரிய கலை.

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிந்து, இரண்டுக்கும் நடுவே திருவரங்கம் தீவாகிறது. ஆற்றுக்குள் இருக்கும் சிறு மணல்திட்டுகளும் அவ்வாறே நீரைப் பிளப்பதால், திட்டின் மேல்முனையில் ஓட்டம் மோதுகிறது, கீழ்முனையில் நீர் தணிந்து நிற்கிறது. பரிசல் ஒதுங்கத் தக்க இடம் அந்தக் கீழ்முனையே. அங்கே கொக்கு நின்றால் ஆழமும் தெரிந்துவிடும். பாலத்தூணின் மறைவிலும் நீர் அமைதியாகத் தோன்றும், ஆனால் தூணில் மோதும் ஓட்டம் அடிமணலை அரித்துப் பள்ளமாக்கிச் சுழலை உண்டாக்குவதால், அதை நம்பவே கூடாது.

மேட்டூர் அணையில் திறந்துவிடும் நீர் இரண்டு மூன்று நாள்களில் திருச்சியை எட்டும் என்பதால், உள்ளூர் வானம் தெளிந்திருப்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது. 1836இல் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் எழுந்த முக்கொம்பு மேலணையின் மதகுகளே 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் உடைந்தன. மூங்கில் கூடை எம்மாத்திரம்? வெள்ள எச்சரிக்கை வந்த நாளில் பரிசலை இறக்காமலிருப்பதும் தொழில் திறமைதான்.

மற்ற நாள்களில், திட்டில் தங்கிச் சமைப்பதானால், பரிசலை அதன் மேட்டுக்கு இழுத்துக் கவிழ்த்தபின், நீர்விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வைப்பது நல்லது. சற்று நேரத்தில் குச்சியின் அடியைச் சுற்றி நீர் ஏறியிருந்தால், அடுப்பில் சோறு பாதி வெந்திருந்தாலும், பரிசலை நிமிர்த்திக் கரைக்குத் திரும்ப வேண்டும்.