நிலைமாற்றி என்னும் சிறு நிரல்

பெருங்கருவிகளின் வரலாற்றை எழுதுவார் பலர். சிறு கருவிகளின் வரலாற்றை எழுதுவார் சிலரே. கவலை இறைக்கும் கிணற்றில் எருதுகளையும் தோற்சாலையும் நாள்தோறும் காண்கின்றோம். அவற்றைப் பிணைக்கும் வடக்கயிற்றையோ, அது அறும் நாளிலேயே காண்கின்றோம். ஈண்டு நாம் ஆராயப் புகுவதும் அத்தகைய கயிறு ஒன்றையே. வேலூர் லாங் பஜாரில், ஆம்பூர், பேரணாம்பட்டு முதலிய ஊர்களிலுள்ள தோல் பதனிடும் சாலைகளுக்கு உப்பும் பிற சரக்கும் அனுப்பிவந்த ஒரு மொத்தக் கடையின் கணிப்பொறிக்கென, 1992ஆம் ஆண்டில் நண்பர் சிலரோடு கூடி நாம் எழுதத் தொடங்கிய சிறு நிரல் அது. இன்றளவும் அது முற்றுப்பெறவில்லை. ஏன் முற்றுப்பெறவில்லை என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

1. கணிப்பொறி விழித்தெழும் முறை

அக்காலத்துத் தனியாள் கணிப்பொறிகளைப் பெரும்பாலும் ஆண்டுவந்தது டாஸ் என்னும் இயக்கத் தொகுதி. பொறிக்கு மின்சாரம் ஊட்டியவுடன் டாஸ் தன் பகுதிகளை வட்டிலிருந்து நினைவகத்திற்கு ஏற்றுகின்றது, பின்னர்க் கான்ஃபிக்.சிஸ் என்னும் கோப்பைத் தேடிப் படிக்கின்றது. ஒருங்கே எத்தனை கோப்புகளைத் திறக்கலாம், எந்தச் சாதனத்திற்கு எந்த இயக்கி வேண்டும் என்பன அதன்கண் குறிக்கப்பட்டிருக்கும். அதன்பின் ஆட்டோஎக்ஸெக்.பேட் என்னும் கோப்பிலுள்ள கட்டளைகள் வரிசையாக நிறைவேறும். முன்னதை வீட்டின் கட்டுமானம் என்றும், பின்னதை விடிந்ததும் செய்யும் கடமைகள் என்றும் கொள்ளலாம். கான்ஃபிக்.சிஸ் விழித்தெழும் வேளையில் ஒரு முறை மட்டுமே படிக்கப்படும். ஆதலின், அதனை மாற்றுவோர் பொறியை மீண்டும் தொடங்கியே ஆகவேண்டும்.

மாற்றவேண்டிய அவசியம் யாது எனின், கூறுதும். 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியின் செயலி 1,024 கிலோபைட் நினைவகத்தையே சுட்டவல்லது. அதில் மேற்பகுதியாகிய 384 கிலோபைட் திரை முதலியவற்றிற்கு ஒதுக்கப்பட, நிரல்களுக்கு எஞ்சியது 640 கிலோபைட். பின்வந்த பொறிகள் அதனினும் பன்மடங்கு நினைவகம் பெற்றிருந்தும், டாஸ் நிரல்கள் பெரும்பாலும் அவ்வெல்லைக்குள்ளேயே நெருங்கி வாழ்ந்தன. 1991இல் வந்த எம்.எஸ். டாஸ் 5, தன் உடலின் ஒரு பகுதியை மேல் நினைவகத்திற்குப் பெயர்த்துக்கொண்டு அந்நெருக்கடியைச் சிறிது தணித்தது, முற்றும் தீர்க்கவில்லை.

நாம் கூறிய கடையில் கணிப்பொறி ஒன்றே. அதனை ஆள்வோர் இருவர். பகலில் கணக்கப்பிள்ளை நாள்வழியும் பேரேடும் எழுதுவார். அவருடைய கணக்கு நிரல் பல கோப்புகளை ஒருங்கே திறப்பது. வேறு கட்டளை இல்லாதபோது டாஸ் இசையும் எட்டு அதற்குப் போதா. இரவில் முதலாளியின் மகனார் தமிழெழுத்தில் விலைப்பட்டியலும் அழைப்பிதழும் அச்சிடுவார். கனடாவில் கே. சீனிவாசன் ஆக்கிய ஆதமியும், மலேசியாவில் முத்து நெடுமாறன் ஆக்கிய முரசும் டாஸ் காலத்திலேயே தமிழ் எழுத வழி திறந்திருந்தன என்பதை நம் மாணவர் அறிதல் நன்று. கடையிலிருந்த தமிழ் நிரல், எழுத்துக்களைத் திரையில் வரையும் பொருட்டு நினைவகத்திலேயே தங்கி இடங்கொள்வது. இரண்டையும் ஒரே அமைப்பில் குடியேற்றினால் கணக்குக்கு இடம் போதவில்லை. எனவே பகலமைப்பு ஒன்றும் இரவமைப்பு ஒன்றுமாக இரண்டு வேண்டியிருந்தன.

2. முதற் பதிப்பும் நம் பிழையும்

நிலைமாற்றியின் முதற் பதிப்பு பத்து வரிக்கும் குறைவானது. பகலுக்கு ஓரிணை, இரவுக்கு ஓரிணை எனக் கோப்புகளைத் தனித்தனியே வைத்திருந்தோம். வேண்டிய இணையை எடுத்து, நடப்பிலிருக்கும் இரு கோப்புகளின் மேல் அது படியெடுக்கும். பிறகு பொறியை மீண்டும் தொடங்கும். மீண்டும் தொடங்குவதற்கு, நினைவகத்தின் குறித்த ஓரிடத்தில் பதினறும எண்முறையில் 1234 என எழுதிப் பொறியின் தொடக்க முகவரிக்குத் தாவினால் போதும். நினைவகச் சோதனை இன்றியே பொறி விரைவில் விழிக்கும். இவ்வளவும் செய்து முடித்தபோது, இனி இதிற் செய்வதற்கு யாதுமில்லை என மகிழ்ந்தோம்.

எச்சரிக்கை என்று கருதி நாம் செய்த ஒன்றே தீங்காயிற்று. முதலில் ஆட்டோஎக்ஸெக் கோப்பை மாற்றியதும், "ஒரு கோப்பு மாறியது, தொடரலாமா?" என்று நிரல் வினவும். விடை கிடைத்த பின்னரே கான்ஃபிக் கோப்பை மாற்றும். ஓரிரவு, பகலமைப்புக்கு மாற்றத் தொடங்கிய மகனார், அவ்வினாவைத் திரையில் விட்டுவிட்டு உணவுக்குச் சென்றார். அவ்வேளையில் மின்சாரம் நின்றது. மறுநாட் காலையில் கணக்கப்பிள்ளை பொறியைத் திறந்தபொழுது அதன் கடமை பகலுக்குரியது, கட்டுமானமோ இரவுக்குரியது.

பொறி திறவாமல் நின்றிருப்பின் தீங்கில்லை. அது வழக்கம் போலத் திறந்தது. கணக்கு நிரலும் தோன்றியது. நாள்வழியில் வரவு செலவு பதிந்தது. பேரேட்டிற்கு ஏற்றும்போதோ, திறந்த கோப்புகள் அளவை மிஞ்சின என்னும் பிழைச்சொல் ஒரு கணம் தோன்றி மறைய, ஏற்றம் நடுவில் நின்றது. அன்று கடன் சரக்கு எடுத்த சாலைகளின் பற்று, நாள்வழியில் இருந்தது, பேரேட்டில் இல்லை. கணக்கப்பிள்ளை பழக்கத்தை விடாமல் கைந்நாள்வழியும் எழுதிவந்தமையால் மாலையில் கூட்டுத்தொகை ஒவ்வாமை கண்டார். இரண்டையும் ஒத்துப் பார்த்துச் சரிசெய்ய மூன்று இரவுகள் சென்றன. அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "தம்பி, பொறி திறக்கவில்லை என்றால் உங்களைக் கூப்பிட்டிருப்பேன், திறந்துகொண்டு தப்பாக நடந்ததே, அதுதான் கெடுதல்" என்று மட்டும் கூறினார்.

நிலைமாற்றியின் பின்னைய வளர்ச்சி முழுவதும் இவ்வொரு வாக்கியத்தின் உரையே என்று சொல்லலாம்.

3. இரண்டாம் பதிப்பு

மின்சாரம் எக்கணத்தில் நின்றாலும், பொறி ஒன்று முழுமையான நிலையில் இருத்தல் வேண்டும். இன்றேல் கணக்கைத் தொடாமல் நிற்றல் வேண்டும். இதனை விதியாகக் கொண்டு நிரலைப் புதிதாக எழுதினோம். இடையிலிருந்த வினா நீங்கிற்று. கேட்பதெல்லாம் தொடக்கத்திலேயே கேட்கப்பட்டது.

படியெடுத்தலில் ஒரு குறையுண்டு. பழைய கோப்பின் மேல் புதியதை எழுதும்போது, டாஸ் முதலில் பழையதை வெறுமையாக்குகின்றது. பின்னரே புதியதை நிரப்புகின்றது. இவ்விரண்டிற்கும் நடுவே மின்சாரம் நிற்பின் இரண்டும் இல்லை. பெயர் மாற்றுதலோ அடைவிலுள்ள ஒரு பதிவை மட்டும் தொடுவது. ஆதலின் நிரல், முதலில் மாற்றம் தொடங்கியதென்று ஓர் அடையாளக் கோப்பை எழுதும். புதிய இரு கோப்புகளையும் வேறு பெயரில் முழுமையாக எழுதி மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பழையவற்றைப் பெயர் மாற்றி ஒதுக்கும். புதியவற்றை அவ்விடத்தில் பெயரிட்டு அமர்த்தும். எல்லாம் முடிந்த பின்னரே அடையாளத்தை நீக்கும். இரண்டு ஆட்டோஎக்ஸெக் கோப்புகளும் தம் முதல் வரியிலேயே அவ்வடையாளத்தைத் தேடும். இருந்தால், கணக்கு நிரலைத் தொடங்காமல், விட்ட மாற்றத்தை முடிக்கச் செல்லும்.

நடுவில் தடைப்பட்டால் நேரக்கூடியவை மூன்றே: பழைய ஆட்டோஎக்ஸெக் இருக்கலாம், புதியது இருக்கலாம், ஒன்றுமே இல்லாதிருக்கலாம். முதல் இரண்டிலும் அடையாளம் காக்கும். மூன்றாவதில் டாஸ் தானே நாளும் நேரமும் கேட்டுவிட்டு வெறுந்திரையில் நிற்கும். "பொறி தேதி கேட்டால் கணக்கைத் தொடவேண்டா" என்று ஒரு சீட்டெழுதித் திரையின்மேல் ஒட்டினோம். பொறியைத் தொடங்கவல்ல நெகிழ்வட்டு ஒன்றும் கல்லாப்பெட்டியில் இடம் பெற்றது. நிரல், சீட்டு, நெகிழ்வட்டு ஆகிய மூன்றும் சேர்ந்ததே கருவி என்பதை அன்று கற்றோம்.

4. அயலார் செய்யும் மாறுதல்கள்

நிற்க. நாம் எழுதியது மாறாதிருப்பினும், அதனைச் சூழ்ந்தவை மாறிக்கொண்டே இருந்தன. 1992இல் வந்த வின்டோஸ் 3.1ஐக் கடைப்பொறியில் நிறுவினர். அது ஸ்மார்ட்டிரைவ் என்னும் நிரலையும் உடன் கொணர்ந்தது. வட்டில் எழுத வேண்டியதைச் சிறிது நேரம் நினைவகத்திலேயே வைத்திருந்து பின்பு எழுதுவது அதன் வழக்கம். குறித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு ஓய்வு கிடைத்தபோது எழுதும் எழுத்தரை ஒத்தது. நம் நிரலோ கோப்புகளை மாற்றிய அக்கணமே பொறியைத் தாவித் தொடங்கும். எழுதாதவை எழுதாமலே மறையும். எனவே, தாவுமுன் நிலுவையை எல்லாம் எழுதிவிடும்படி ஸ்மார்ட்டிரைவுக்குக் கட்டளையிடும் வரி ஒன்று சேர்ந்தது.

மற்றொன்று: புதிதாக நிறுவப்படும் நிரல்கள் நடப்பிலுள்ள கான்ஃபிக் கோப்பைத் திருத்தும்; நாம் தனியே வைத்திருக்கும் மூலத்தை அவை அறியா. அடுத்த மாற்றத்தில் அத்திருத்தம் சுவடின்றிப் போகும். ஆதலின் மாற்றுமுன் நடப்புக் கோப்பை மூலத்தோடு ஒப்பிட்டு, வேறுபாடு இருப்பின் அதனைத் தனியே சேமித்து அறிவிக்கும் பகுதி எழுதப்பட்டது. வரிகள் பெருகின, ஒவ்வொன்றும் நேர்ந்த ஓர் இடரின் நினைவுக்கல்லாய் நின்றது.

5. பெரியோன் வருகையும் சிறியோன் கடமையும்

1993இல் எம்.எஸ். டாஸ் 6 வெளிவந்தது. பல அமைப்புகளை ஒரே கான்ஃபிக் கோப்பில் பகர அடைப்புக்குள் பெயரிட்டுத் தொகுதி தொகுதியாக எழுதலாம். பொறி விழிக்கும்போது பட்டியல் காட்டி எது வேண்டுமெனக் கேட்கும். குறித்த நொடிகளுக்குள் விடையில்லையேல் இயல்பானதைத் தானே கொள்ளும். தேர்ந்த பெயர் ஆட்டோஎக்ஸெக் கோப்புக்கும் எட்டுவதால், அது அப்பெயருக்குரிய இடத்திற்குத் தாவும். இம்முறையில் ஒரு கோப்பும் மாற்றப்படுவதில்லை; ஆகவே நடுவில் அறுபடுவதற்கும் ஒன்றுமில்லை. நம் முறையினும் இது சிறந்ததென ஒப்புக்கொள்ள நமக்குச் சிறிது காலம் சென்றது.

ஆயின் நிலைமாற்றியைக் கைவிட்டோமோ? இல்லை. பட்டியலில் உள்ள பெயருக்குத் தொகுதி உண்டா, ஆட்டோஎக்ஸெக் கோப்பில் அப்பெயருக்கு இடமுண்டா என்று பார்ப்பாரில்லை. நிறுவும் நிரல்கள் தம் வரிகளைக் கோப்பின் கடைசியிற் சேர்த்தலால், அவை கடைசித் தொகுதிக்கே உரியவாய்விடும். அதனைத் தவிர்க்கப் பொதுத்தொகுதி ஒன்றை இறுதியில் வைத்தல் வேண்டும். இவற்றை ஆராய்ந்து குறை கூறுவதே நிலைமாற்றியின் புதிய தொழிலாயிற்று. மாற்றும் கருவி, சோதிக்கும் கருவியாக மாறிற்று.

பழைய பொறி பழுதுற்ற பின்னர், கடை ஃப்ரீடாஸை ஏற்றது. 1994இல் ஜிம் ஹால் தொடங்கிய அம்முயற்சியின் முதல் முழுப்பதிப்பு 2006இலும், 1.4ஆம் பதிப்பு 2025இலும் வெளிவந்தன. அதன் கரு, கான்ஃபிக்.சிஸ் கோப்புக்கு முன் எஃப்டிகான்ஃபிக்.சிஸ் கோப்பைத் தேடும். நம் நிரலோ பழைய கோப்பையே சோதித்து, குற்றமில்லை என்று நற்சான்று வழங்கிக்கொண்டிருந்தது! கணக்கப்பிள்ளை அன்று கூறிய கெடுதல் இதுவே அன்றோ? எந்தக் கோப்பு உண்மையில் படிக்கப்படுகின்றது என்பதை முதலில் அறிந்து, அறியாவிடில் அறியேன் என்று கூறி நிற்குமாறு அதனைத் திருத்தினோம்.

6. முடிவுரை

2017இல் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் கடையின் நடப்புக் கணக்கு வேறொரு பொறிக்குப் பெயர்ந்தது. பழைய பேரேடுகளைப் பார்ப்பதற்கென டாஸ் பொறி ஒரு மூலையில் இருக்கின்றது. நிலைமாற்றியும் அதன்கண் இருக்கின்றது. ஆண்டுதோறும் இளைய நண்பர் ஒருவர் அதனை ஏற்றுப் படித்துத் திருத்துகின்றார். அவருக்கு நாம் முதலிற் காட்டுவது நிரலை அன்று, மஞ்சளேறிய அச்சீட்டையே.

மாணவர்காள்! இன்று நீவிர் எழுதும் நிரல்கள் இதனினும் ஆயிரமடங்கு பெரியனவாயிருத்தல் கூடும். அவை ஓடுகின்றனவா என்று மட்டும் பாராதீர். ஓடலாகாத வேளையில் நிற்கின்றனவா என்றும் பார்மின். நும் நிரலின் மறுமுனையில் ஒருவர் பேரேட்டைத் திறந்துவைத்து, அதனை நம்பி அமர்ந்திருக்கின்றார்.