நிலையற்ற ஆட்சியும் நமது வணிகமும்

அரசியல் நிலையின்மை என்றதும் வணிகர்களாகிய நமக்கு நினைவுக்கு வருபவை பந்த், கடையடைப்பு, பஸ் மறியல் ஆகியவைதான். ஒரு நாள் கதவடைத்தால் ஒரு நாள் வியாபாரம் போகும். அதை ஓரளவு ஈடுகட்டி விடலாம். எடுக்க வேண்டிய முடிவை எடுக்க ஆளில்லாமல் மாதங்கள் கழிந்தால் வரும் நஷ்டமோ வேறு வகை. வளரும் நாட்டிற்கு அது எத்தகைய சுமை என்பதை அறிய அயல்நாட்டு உதாரணம் வேண்டாம். நமது நாட்டின் 1990-91 நெருக்கடியே போதும்.

1989 டிசம்பர் முதல் 1991 ஜூன் வரை வி.பி.சிங், சந்திரசேகர், நரசிம்மராவ் என மூவர் பிரதமர் பதவி ஏற்றனர். ஆட்சி மாற்றம் மட்டுமே நெருக்கடிக்குக் காரணம் என்று நாம் சொல்ல மாட்டோம். 1980களிலேயே அரசு வரவுக்கு மீறிச் செலவு செய்து கடன் சேர்த்திருந்தது. 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்துக்குள் புகுந்ததும் எண்ணெய் விலை ஏறியது. ஆனால் கணக்கைச் சரிசெய்ய வேண்டிய நேரத்தில், 1991 மார்ச் 4ஆம் தேதி இடைக்கால பட்ஜெட்தான் வந்தது. இரண்டே நாளில் பிரதமர் சந்திரசேகர் ராஜினாமா செய்தார். வெளிநாடுவாழ் இந்தியர்களும் தங்கள் டெபாசிட்டுகளை எடுத்து வந்தனர்.

இது நமது கல்லா வரை வந்த வழியைப் பார்ப்போம். இறக்குமதிக்கு லெட்டர் ஆப் கிரெடிட் திறக்க வங்கியில் கட்ட வேண்டிய ரொக்க மார்ஜினை ரிசர்வ் வங்கி 1990 அக்டோபரில் 50 சதவீதமாக்கியது. 1991 மார்ச்சில் அது 133.33 சதவீதமாகி, ஏப்ரலில் 200 சதவீதத்தைத் தொட்டது. அதாவது, சில விலக்குகள் நீங்கலாக, 1 லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 2 லட்ச ரூபாயை வங்கியில் முடக்க வேண்டும். வட்டிக்கு வாங்கிச் சுழற்றும் வியாபாரி எங்கே போய்ப் புரட்டுவார்? மூலப்பொருள் வராவிட்டால் தொழிற்சாலையில் ஷிப்டு குறையும்; தொழிலாளி மாத மளிகையைக் குறைப்பார்; கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் தவணை கேட்பார். இறக்குமதியே செய்யாதவரையும் சுமை விடாது.

ஜூலையில் ரூபாயின் மதிப்பு இரண்டு முறை குறைக்கப்பட்டது. ஜூலை 24 பட்ஜெட் உர விலையை 40 சதவீதம் உயர்த்தியது. எதிர்ப்புக்குப் பின் அது 30 ஆயிற்று. ஆகஸ்டில் விலைவாசி உயர்வு சுமார் 17 சதவீதம்.

கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நரசிம்மராவ் அரசுக்கும் தொடக்கத்தில் பெரும்பான்மை கிடையாது, ஆயினும் முடிவெடுத்தது. முழு பட்ஜெட் போட முடியாத முந்தைய அரசோ, காபந்து அரசாக இருந்தபோதே, 1991 மே மாதம் 20 டன் தங்கத்தைத் திரும்ப வாங்கும் ஏற்பாட்டுடன் சுவிஸ் வங்கி ஒன்றுக்கு விற்க நேர்ந்தது.