பார்வையற்றவர்களுக்கு பெர்ஸ்பெக்டிவ் புரியாதா?

நம்பிக்கை: தண்டவாளங்கள் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல் தெரிவது கண்ணின் வேலை. பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு, படத்தில் வரும் பெர்ஸ்பெக்டிவ் பிறர் சொல்லிக் கேட்டு நம்பவேண்டிய சேதி, அவ்வளவுதான்.

உண்மை: பெர்ஸ்பெக்டிவுக்கு அடிப்படை திசை. ஓரிடத்தில் நிற்பவருக்கு எந்தப் பொருள் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே அதன் கணக்கு. திசையைக் கையும் அறியும். அகலமான கதவுக்கு அருகில் நின்று, இரு கைகளாலும் அதன் இரு ஓரங்களைச் சுட்டுங்கள். கைகள் நன்றாக விரியும். பத்தடி பின்னால் போய் அதே ஓரங்களைச் சுட்டினால் கைகள் நெருங்கிவரும். கதவு அப்படியேதான் இருக்கிறது, குறைந்தது கோணம். டொரொன்டோ பல்கலைக்கழக உளவியலாளர் ஜான் கென்னடி பார்வையற்றவர்களை இவ்வாறு சுட்டச் சொல்லிச் சோதித்தபோது, தூரம் கூடினால் கோணம் குறையும் என்பது அவர்களுக்குப் பிடிபட்டிருந்ததைக் கண்டார். இதில் வியப்பதற்கும் அதிகமில்லை. பெரியம்மையால் குழந்தைப் பருவத்திலேயே பார்வையிழந்த நிக்கோலஸ் சாண்டர்சன், 1711 முதல் கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியராக இருந்து ஒளியியலே கற்பித்தவர்.

பார்வையின்றிப் பிறந்த துருக்கி ஓவியர் எஷ்ரெஃப் அர்மாகன் பெர்ஸ்பெக்டிவோடு வரைகிறார் என்றால், ‘பார்வையுள்ளவர்களிடம் கேட்டுக் கற்றதுதானே’ என்பார்கள். கேட்டுக் கற்றதும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கண்ணுள்ள ஓவியர்கள் மட்டும் கேளாமலா கற்றார்கள்? ஃபிளாரன்ஸில் கட்டடக் கலைஞர் புருனெல்லெஸ்கி பெர்ஸ்பெக்டிவைச் செய்துகாட்டி, அல்பெர்ட்டி 1435-இல் அதன் விதிகளை நூலாக எழுதிவைக்கும்வரை, நல்ல பார்வையுள்ள எத்தனையோ தலைமுறைகள் அந்த விதி இல்லாமலேயே வரைந்தன. பார்த்தாலே போதுமென்றால் அந்த நூலுக்கு வேலையே இருந்திருக்காது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. புடைப்புக் கோடுகளால் ஆன படத்தைத் தடவிப் பார்க்கும் பார்வையற்றோர் பலருக்கு அது என்ன படம் என்றே பிடிபடுவதில்லை. உண்மைதான். கண் ஒரே வீச்சில் அள்ளுவதை விரல் துண்டுதுண்டாகச் சேகரித்து, நினைவில் ஒட்டவைக்க வேண்டியிருக்கிறது. படம் தொட்டுப் பழகும் வாய்ப்பும் பெரும்பாலோருக்குக் கிடைத்ததில்லை. அதே படத்தைக் கொடுத்து, இன்ன சில பொருள்களில் ஒன்று என்று முன்கூட்டிச் சொன்னால் கண்டுபிடிப்பது கூடுகிறது. அப்படியானால் தடை படத்தை வாசிப்பதில் இருக்கிறது. வெளியின் வடிவம் புரிவதில் இல்லை. பார்வையுள்ள குழந்தைகளும் கனசதுரத்தை விரித்துப்போட்ட அட்டைப்பெட்டிபோல் வரைவதுண்டு. அவர்களுக்குக் கண் தெரியவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

ஒன்றை மட்டும் அந்த நம்பிக்கைக்கு விட்டுக்கொடுக்கலாம். தூரத்து மலை வெளிறி நீலமாகத் தெரிவதைக் கைநீட்டிச் சுட்டி அறிய முடியாது. அது நிறத்தின் விஷயம், அர்மாகனும் பிறர் சொல்லித்தான் அறிய முடியும்.