இதயத்தில் கட்டி: எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

கட்டி என்றதும் புற்றுநோய் என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டுக்கும் ஒரே சொல்லைச் சொல்லிப் பழகியதால் வந்த குழப்பம் இது. இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது. அவற்றிலும் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு புற்றல்ல.

மேடு ஏறினால் மூச்சிரைப்பு, கால் வீக்கம், திடீர் மயக்கம். பால் வெட்டுபவரும் செம்பனைக் குலை அறுப்பவரும் இதை வேலைக் களைப்பு என்றே விட்டுவிடுகிறார்கள். கிளினிக்கில் காட்டுங்கள்.

முதலில் எக்கோ. ஒலி அலைகள் துடிக்கும் இதயத்தைத் திரையில் காட்டும், வலியில்லை, கதிர்வீச்சில்லை. 1953இல் சுவீடனில் இதைத் தொடங்கியவர்கள், உலோகத்தில் விரிசல் தேடும் கருவியைக் கப்பல் பட்டறையிலிருந்து இரவல் வாங்கினார்கள்! இடது மேலறையில் காம்போடு ஆடும் கட்டி பெரும்பாலும் மிக்சோமா, அது புற்றல்ல. வலது மேலறைச் சுவரில் அகலமாக ஊடுருவி, இதய உறையில் நீரும் சேர்ந்திருந்தால் ஆஞ்சியோசர்கோமா என்னும் புற்றைச் சந்தேகிப்பார்கள்.

அடுத்து எம்ஆர்ஐ: கட்டியா, இரத்த உறைவா என்று பிரித்தறிய உதவும். நுரையீரலுக்குப் பரவியதா என்பதை சிடி காட்டும். உறுதி செய்வது திசுப் பரிசோதனைதான்.

சிரம்பான் துவாங்கு ஜாஃபார் மருத்துவமனைக்கோ கோலாலம்பூர் தேசிய இருதயக் கழகத்துக்கோ அனுப்பினால், பழைய ஸ்கேன் படங்களையும் கொண்டு செல்லுங்கள். உடலில் பேஸ்மேக்கர் இருந்தாலும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும் ஸ்கேனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.