உண்ணிக்கு மருந்தா, உயிருக்கே உலையா?

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை பக்கம் போகிறவர்களுக்குக் கெலமங்கலத்தைத் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் ரோஜாவும் தக்காளியும் விளைகிற தோட்டங்கள். இன்னொரு பக்கம், விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ஷிப்ட்காரர்கள். ஒரே தெருவில் கறவை மாடு கட்டியிருக்கிற வீடும் இருக்கும், பொமரேனியன் வளர்க்கிற வீடும் இருக்கும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும். மூன்று மொழிக்காரர்களும் ஒரே மாதிரி அலுத்துக்கொள்கிற விஷயம் ஒன்று உண்டு. "நாய் மேல உண்ணி... என்ன செய்தாலும் போக மாட்டேங்குதே!"

உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? அப்படியானால் இந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. நாயின் காதுமடலில் ஆமணக்கு விதை போல உப்பிய உண்ணிகள். வீட்டுக்காரர் மாட்டு மருந்து விற்கிற கடைக்குப் போகிறார். "இதைக் கொண்டு போங்க சார். மாட்டுக்கே கேக்குது, நாய்க்குக் கேக்காதா?" என்று ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுக்கிறார் கடைக்காரர். வீட்டில் அளவுக் குவளை இல்லை. "கொஞ்சம் கெட்டியாவே இருக்கட்டும், சீக்கிரம் சாகும்" என்று மூடியில் ஊற்றி முதுகில் அப்படியே தேய்த்துவிடுகிறார். சாயங்காலம் நாய் வாயில் எச்சில் வடிய, கால் பின்னிக்கொண்டு தள்ளாடுகிறது. அதை ஒட்டியே படுத்துத் தூங்குகிற பூனைக்கு உடம்பெல்லாம் உதறல். மத்தியானம் நாயைக் கட்டிப் பிடித்து விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையோ, கையைக் கழுவாமலே விரலைச் சூப்பிக்கொண்டிருக்கிறது!

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. இதில் ஒவ்வொன்றும் நடக்கக்கூடியதுதான். ஒவ்வொன்றையும் தடுக்கவும் முடியும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நம் ஊர்க் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிற உண்ணி மருந்துகளில் ஒன்று அமிட்ராஸ். பெரும்பாலும் 12.5 சதவிகிதக் கரைசலாக வரும். அதாவது 1 மில்லியில் 125 மில்லிகிராம் மருந்து. 2 மில்லியை ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்தால், அந்த லிட்டர் முழுவதிலும் இருப்பது 250 மில்லிகிராம். சதவிகிதத்தில் சொன்னால் 0.025.

கலக்காமல் அப்படியே தேய்த்தால்? 12.5-ஐ 0.025-ஆல் வகுத்துப் பாருங்கள். 500 மடங்கு! "கொஞ்சம் கெட்டியா இருக்கட்டும்" என்பதன் அர்த்தம் இதுதான். (இந்தக் கணக்கு புரிந்துகொள்வதற்காக மட்டும். உங்கள் நாய்க்கு எந்த மருந்து, எத்தனை மில்லி என்பதை மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ஒரு மாடு 300, 400 கிலோ இருக்கும். உங்கள் பொமரேனியன் 4 கிலோ. பூனைக்குட்டி ஒரு கிலோகூட இருக்காது. அதோடு, நாயும் பூனையும் தன் உடம்பைத் தானே நக்கும். வெளியே தேய்த்த மருந்து வயிற்றுக்குள் போக எத்தனை நேரம் ஆகும்?

அப்படியானால் மருந்தே வேண்டாமா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். உண்ணியை விட்டுவைப்பதும் ஆபத்துதான். நாய்களிடம் நாம் பார்க்கிற பழுப்பு உண்ணி, எர்லிகியா, பபீசியா என்ற கிருமிகளை ரத்தத்தில் ஏற்றிவிடும். காய்ச்சல், சாப்பாட்டில் வெறுப்பு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், காப்பி நிறத்தில் சிறுநீர்... இவற்றில் எதைக் கண்டாலும் தாமதிக்கக் கூடாது. இதே உண்ணி மனிதருக்கும் ஒருவகை டைபஸ் காய்ச்சலைப் பரப்பக்கூடியது.

எல்லைப்புறத்தில் இருப்பதால் சிலருக்கு இன்னொரு பயம். கர்நாடகத்தில் 'மங்கன காயிலே' என்று சொல்கிறார்களே, குரங்குக் காய்ச்சல், அது நம் நாயிடமிருந்து வருமா? 1957-ல் ஷிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டுப் பகுதியில் கண்டுபிடிக்கப்பட்ட நோய் அது. முக்கியமாக அதைப் பரப்புவது காட்டில் வாழ்கிற வேறு வகை உண்ணி. வீட்டுச் சுவர் இடுக்கில் ஏறுகிற நாய் உண்ணியைப் பார்த்து அந்தப் பயம் வேண்டாம்.

ஆக, மருந்து தேவைதான். சரியான மருந்து, சரியான உயிருக்கு, சரியான அளவில். அவ்வளவுதான் விஷயம்.

எந்த மருந்தில் என்ன ஜாக்கிரதை?

அமிட்ராஸ்: பூனைக்கு ஆகாது. அளவு மீறினால் நாய்க்கு மயக்கமான தூக்கம், மெதுவான இதயத் துடிப்பு, உடம்பு சில்லிட்டுப் போவது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுவது எல்லாம் வரும். சர்க்கரை நோய் உள்ள நாய்க்கு இது கூடாது. இதைக் கலக்குகிற மனிதருக்கும் இதே கெடுதல்கள் வரலாம். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் இந்த வேலையை அவரிடம் கொடுக்காதீர்கள்.

பெர்மெத்ரின், சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின்: இந்தக் குடும்பத்தின் மூதாதை, சாமந்திக்கு உறவான பைரித்ரம் என்ற பூவிலிருந்து வந்தது. "பூவிலிருந்து வந்ததுதானே" என்று அலட்சியம் வேண்டாம். நாய் தாங்குகிற பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். ஏன் தெரியுமா? சில பொருள்களின் விஷத்தை முறித்து வெளியேற்றுகிற சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. நாம் தலைவலிக்குப் போடுகிற பாராசிட்டமால்கூட பூனைக்கு விஷமாவது இப்படித்தான். 'நாய்களுக்கு மட்டும்' என்று எழுதியிருப்பதில் ஒரு சொட்டுகூடப் பூனைமேல் படக் கூடாது. நாய்க்குப் போட்ட பிறகு, நன்றாகக் காய்கிற வரை பூனையைத் தள்ளியே வைத்திருங்கள்.

ஃபிப்ரோனில்: பிடரியில் சொட்டுச் சொட்டாக விடுகிற மருந்து, ஸ்பிரே இரண்டு விதமாகவும் வருகிறது. லேபிள்படி போட்டால் நாயும் பூனையும் தாங்கும். முயலுக்கு மட்டும் கூடவே கூடாது. நாய்க்கு வாங்கியதில் மீதியைக் குழந்தைகள் வளர்க்கிற முயலுக்குப் போட்டுவிடாதீர்கள்.

மாத்திரைகள்: ஃப்ளூரலானர், அஃபாக்சோலானர், சாரோலானர், லோட்டிலானர் என்று புதிய தலைமுறை மாத்திரைகள். நன்றாக வேலை செய்கின்றன. பெரும்பாலான நாய்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வந்ததால், 2018 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் எச்சரிக்கை வெளியிட்டது. உங்கள் நாய்க்கு முன்பு வலிப்பு வந்ததுண்டா? அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.

ஐவர்மெக்டின் ஊசி: "மாட்டுக்குப் போடறதுதான், நாய்க்கும் ஒண்ணு போட்டுடலாம்" என்று வருகிறவர்களிடம் உஷார்! மாட்டு மருந்தில் ஒரு துளி கூடினாலும் சின்ன நாய்க்கு அது பெரிய அளவு. அதோடு, கோலி போன்ற சில ஜாதி நாய்களில் மரபணுக் குறை காரணமாக இந்த மருந்து மூளைக்குள்ளேயே போய்விடும்.

தப்பு மருந்திலா, நம்மிடமா?

பிடரியில் விடுகிற சொட்டு மருந்துகளால் 2008-ல் புகார்கள் கூடியதை அடுத்து, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2009-ல் அவற்றை ஆராய ஆரம்பித்தது. கவனத்துக்கு வந்த முக்கியமான விஷயங்கள் இரண்டு. சின்ன நாய்கள் அதிகம் பாதிக்கப்பட்டிருந்தன. நாய் மருந்தைப் பூனைக்குப் போட்டவர்களும் இருந்தார்கள். படித்தவர்கள் நிறைந்த நாட்டிலேயே லேபிளைப் படிக்காத பிரச்னை!

நம்மிடம் வேறு பழக்கங்கள். ஒரு காலத்தில் கேமக்சின் பொடியை நாய்மேல் தூவாத வீடு உண்டா? அந்த பி.எச்.சி. இந்தியாவில் 1997-ல் தடை செய்யப்பட்டது. நாய்க்குத் தூவிய கார்பரில் பொடிக்கு 2018 ஆகஸ்டில் தடை வந்தது. மூட்டைப்பூச்சிக்கு அடித்த டைக்ளோர்வாஸ் 2020 டிசம்பர் 31-உடன் நிறுத்தப்பட்டது. பரணில் பழைய டப்பா ஏதாவது கிடக்கிறதா, இன்றைக்கே பாருங்கள்.

"அதெல்லாம் வேண்டாங்க, நாங்க நாட்டு வைத்தியந்தான்" என்கிறீர்களா? புகையிலைத் தண்ணீரில் இருப்பது நிகோடின், கடுமையான விஷம். மண்ணெண்ணெய் தோலைப் புண்ணாக்கும், நக்கினால் நுரையீரலைக் கெடுக்கும். கற்பூரம், அந்துருண்டை, ஃபினாயில், கரப்பான் சாக்கட்டி எதையும் உடம்பில் தடவக் கூடாது. பூனை உள்ள வீட்டில் ஃபினாயில் போட்டுத் தரை துடைத்தாலே, காய்கிற வரை அதை வெளியே வைக்க வேண்டும். இயற்கைப் பொருள் என்பதாலேயே எதுவும் சாது ஆகிவிடாது.

லேபிளில் நான்கு விஷயம்

ஒன்று: கால்நடை மருந்தின் லேபிளில் வீட்டு விலங்கு ஒன்றின் தலைப் படமும், மனிதருக்கல்ல, விலங்கின் சிகிச்சைக்கு மட்டும் என்ற வாசகமும் இருக்கும். அதற்குப் பதிலாகச் சாய்சதுரக் கட்டத்தில் கலர் முக்கோணம் இருக்கிறதா? அது பூச்சிக்கொல்லி. சிவப்பு மிகக் கடுமை, அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. தோட்டத்துக்கு வாங்கியது தோட்டத்தோடு இருக்கட்டும்.

இரண்டு: எந்தப் பிராணிக்கு? நாயா, பூனையா, மாடா?

மூன்று: எத்தனை கிலோ எடைக்கு, எத்தனை வார வயதுக்கு மேல்? குட்டி, சினை, பால் கொடுக்கிற தாய், நோயாளி இவற்றுக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். பெரிய நாய் மருந்தை இரண்டாகப் பங்கிட்டுச் சின்ன நாய்க்குப் போடுகிற சிக்கனமும் வேண்டாம்.

நான்கு: காலாவதித் தேதி. கறவை மாட்டுக்கு மருந்து போட்டால், எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் பார்க்க வேண்டும்.

கடைக்காரர் சின்ன பாட்டிலில் பிரித்து ஊற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். லேபிள் இல்லாத மருந்துக்கு அப்பன் பெயர் தெரியாது. ஏதாவது நடந்தால் டாக்டருக்கும் என்ன விஷம் என்று தெரியாது.

குழந்தை உள்ள வீடா?

ராத்திரி குழந்தை தூங்கிய பிறகு மருந்து போடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையிலிருந்து விலகியே இருக்கட்டும். மருந்து காய்கிற வரை நாயைக் கட்டிலில் ஏற்ற வேண்டாம். கலக்கிய பக்கெட்டைக் குளிக்கிற தண்ணீருக்கு மறுபடி எடுக்காதீர்கள். மீந்ததைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பது மகா தப்பு!

விஷம் ஏறிவிட்டால்?

எச்சில் வடிதல், நடுக்கம், தள்ளாட்டம், வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம் இவைதான் அறிகுறிகள். கையுறையோடு, வெதுவெதுப்பான தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற திரவமும் போட்டு மருந்தைக் கழுவுங்கள். துடைத்து, உலர்ந்த துணியில் சுற்றுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள், பால், எண்ணெய் எதுவும் புகட்டாதீர்கள். பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962. குழந்தையோ பெரியவரோ பாதிக்கப்பட்டால் 108. அப்போதும் பாட்டிலைக் கொண்டு போக மறக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை

தெள்ளுப்பூச்சியானாலும் உண்ணியானாலும், நாயின் உடம்பில் நீங்கள் பார்ப்பது கொஞ்சந்தான். மீதி சுவர் இடுக்கிலும், படுக்கைச் சாக்கிலும், முட்டையும் குஞ்சுமாக இருக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதனால்தான் "எத்தனை மருந்து போட்டாலும் திரும்ப வருது" என்கிறோம். மருந்தைக் கூட்டுவதால் இது தீராது. படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். விரிசலை சிமெண்ட்டால் அடையுங்கள். தினமும் சீப்பால் வாருங்கள். காது, விரலிடுக்கு, கழுத்துப் பட்டைக்குக் கீழே பாருங்கள். உண்ணியை இடுக்கியால், தோலை ஒட்டிப் பிடித்து, நேராக மெதுவாக இழுங்கள். தீக்குச்சி வேண்டாம், விரலால் நசுக்கவும் வேண்டாம். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருந்துக் கடைக்குக் கிளம்புகிறீர்களா? அதற்கு முன்னால் நாயைக் கூட்டிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஒரு நடை போய் எடை பார்த்துவிட்டு வாருங்கள். வீட்டில் பூனை உண்டா, குழந்தை உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அரைமணி நேரச் செலவுதான். அதில் காப்பாற்றப்படுவது நாய் மட்டுமல்ல!